கேரவனை எந்தக் கடல் பக்கம் நிறுத்துவது?

ராமநாதபுரம் கடற்கரைக்குக் குடும்பத்தோடு கேரவனில் போகலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் வண்டியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எத்தனை பேர் படுக்கலாம், ராத்திரி முழுக்க ஏசி ஓடுமா, வாடகை எவ்வளவு. என்னைக் கேட்டால் அதெல்லாம் பிறகு. எந்த மாதம் போகிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. அதற்குப் பதில் தெரிந்தால் எந்தக் கடலுக்குப் போவது என்பது தானாக முடிவாகிவிடும்.

இந்த மாவட்டத்துக்குக் கடல் இரண்டு. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. உச்சிப்புளி தாண்டி மண்டபம் நெருங்க நெருங்க நிலம் குறுகிக்கொண்டே போகும். ஒரு சாலை, ஒரு ரயில் பாதை, இரண்டு பக்கமும் கடல். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வாடைக்காற்று. அப்போது வடக்குக் கடல் கலங்கி, கரையை அடித்துக்கொண்டே இருக்கும். தெற்குக் கடல் அடங்கிக் கிடக்கும். வைகாசிக்கு மேல் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று எழும்பியதும் எல்லாம் தலைகீழ். தெற்கே அலை ஆள் உயரத்துக்கு எழும்பும். வடக்கே குழந்தை கால் நனைக்கலாம். இங்குள்ள மீனவர்கள் சிலர் காற்றுக்கு ஏற்றபடி படகையே ஒரு கடலிலிருந்து மறு கடலுக்கு மாற்றிக்கொள்வார்கள்.

கேரவனால் கிடைக்கும் உண்மையான லாபமும் இதுதான். அறை போட்டவர் போட்ட இடத்தில் மாட்டிக்கொள்வார். வண்டியில் வந்தவர், வடக்கே காற்று பிடுங்கினால் ஒரு மணி நேரத்துக்குள் தெற்குக் கரைக்குப் போய்விடலாம். சொகுசு, சமையலறை, ஜன்னல் வழியே கடல் என்பதையெல்லாம் நான் இதற்கு அடுத்தபடியாகத்தான் வைப்பேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். காலையில் படுக்கையிலிருந்து எழுந்து திரையை விலக்கினால் வெளியே பூநாரைக் கூட்டம் என்ற கற்பனை இங்கே நடக்காது. பறவைகளும் ஆமைகளும் உள்ள நல்ல இடங்கள் எல்லாமே ஏதோ ஒரு வகையில் வனத்துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன, அல்லது மாலைக்கு மேல் போக்குவரத்து மூடப்படுகிறது. பார்க்கிற இடம் வேறு, படுக்கிற இடம் வேறு. இதை ஏற்றுக்கொண்டு திட்டம் போட்டால் பயணம் சுகமாக இருக்கும். இல்லையென்றால் சாலையோரத்தில் போலீஸ்காரரிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க நேரிடும்.

எல்லோர் மனத்திலும் முதலில் நிற்பது தனுஷ்கோடிதான். அங்கிருந்தே தொடங்குவோம். 1964 டிசம்பர் புயலுக்கு முன்பு ரயில் நிலையம், தபால் நிலையம், கோயில், தேவாலயம் எல்லாம் இருந்த ஊர். அதன் பிறகு நீண்ட காலம் மணலில் ஜீப்பும் வேனும் தள்ளாடிப் போன பாதைதான். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஏறத்தாழ ஒன்பதரை கிலோமீட்டர் தார்ச்சாலை 2017-ல் திறக்கப்பட்ட பிறகுதான் சொந்த வண்டியில் முனை வரைக்கும் போக முடிகிறது. பெரிய வேனும் போகும். முனையில் சுற்றித் திரும்ப இடம் இருக்கிறது. சனி, ஞாயிறு மதியம் மட்டும் வேண்டாம். திரும்புவதற்கே பொறுமை தீர்ந்துவிடும்.

குளிர்காலத்தில் கோதண்டராமர் கோயில் பக்கம் தேங்கியிருக்கும் ஆழமில்லாத நீர்ப்பரப்பில்தான் பூநாரைகள் இறங்கும். தை, மாசியில் அதிகாலையில் போனால் இளஞ்சிவப்பாக ஒரு கோடு தண்ணீரில் நிற்பதைப் பார்க்கலாம். இந்தப் பகுதியைப் பூநாரைச் சரணாலயமாகத் தமிழ்நாடு அரசு 2025-ல் அறிவித்தது. பறவைகள் கரையிலிருந்து எட்டத்தில்தான் நிற்கும். பைனாகுலர் இல்லாமல் போனால் குழந்தைகள் ஐந்தே நிமிடத்தில் "எங்கேப்பா?" என்று கேட்டுச் சலித்துவிடுவார்கள். கடற்காகங்களும் ஆலாக்களும் வேண்டுமென்றால் அரிச்சல்முனை மணல்திட்டிலேயே கிடைக்கும். குளிப்பதற்கு மட்டும் இது இடமே இல்லை. இரண்டு கடலும் மோதுகிற நீரோட்டம். காலடி மணல் சட்டென்று சரியும். பாட்டி "ஒரு முழுக்கு போட்டுக்கிறேன்" என்றால் ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்துக்குக் கூட்டிப்போங்கள்.

ராத்திரி தங்கல்? இல்லை. மாலைக்கு மேல் முனைப் பக்கம் யாரையும் விடுவதில்லை. கடல் எல்லை கூப்பிடு தூரத்தில். சில கைப்பேசிகள் இலங்கைக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு கட்டணத்தைக் குழப்புவதும் உண்டு. ரோமிங்கை அணைத்து வையுங்கள். டிரோன் இருந்தால் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். ஆகவே தனுஷ்கோடி ஒரு காலைப் பொழுதுக்கான இடம், அவ்வளவுதான். அந்த ஒரு காலைக்காக மதுரையிலிருந்து வண்டி ஓட்டலாமா என்றால், ஓட்டலாம்.

அரியமான் வேறு சுபாவம். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகும் சாலையில், உச்சிப்புளி தாண்டி வடக்கே திரும்பினால் வந்துவிடும். பாக் விரிகுடாவின் கரை. சவுக்குத் தோப்பு கடல் வரைக்கும் நீண்டு நிற்கிறது. நிழல் இருக்கும் கடற்கரை இந்த மாவட்டத்தில் அபூர்வம். வேறு எங்கும் பத்து மணிக்கு மேல் வேனின் கூரை தோசைக்கல்லாகிவிடும். இங்கே மதியத்திலும் மரத்தடியில் பாய் விரித்துப் படுக்கலாம். கடல் வெகுதூரத்துக்கு முழங்கால் அளவே இருக்கும். சிறு குழந்தைகள் இருக்கும் குடும்பத்துக்கு இதைவிட நல்ல தண்ணீர் இந்தக் கரையில் நான் சொல்ல மாட்டேன், வாடைக்காற்று இல்லாத மாதங்களில்.

காட்டுயிர் என்று பார்த்தால் அரியமான் ஏழைதான். செம்பருந்து, கொக்கு, மணலில் ஓடும் நண்டு, தோப்பில் மயில். ஆனால் ஆறு வயதுக் குழந்தைக்குப் பூநாரையைவிட நண்டுதான் பெரிய காட்டுயிர். வளைக்குள் ஓடி ஒளிந்து எட்டிப் பார்க்கும் நண்டோடு ஒரு மணி நேரம் போகும். பெரியவர்கள் நிம்மதியாகக் காபி குடிக்கலாம். இங்கிருந்து பாம்பன் பாலமும் தூரமில்லை. 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தில் நடுவே 72.5 மீட்டர் நீளப் பகுதி அப்படியே மேலே எழும்பிக் கப்பலுக்கு வழி விடும். அதைப் பார்க்கக் கிடைத்தால் அதிர்ஷ்டம். பார்ப்பதற்காக சாலைப் பாலத்தின் மேல் வேனை நிறுத்தாதீர்கள். எல்லோரும் நிறுத்துகிறார்கள் என்பது உண்மைதான், ஆனால் கார் அடைப்பதைவிட நீங்கள் இரண்டு மடங்கு அடைப்பீர்கள்.

ராத்திரி நிறுத்த வேண்டுமென்றால் தோப்புக்குள் தன்னிஷ்டத்துக்கு நுழையாமல், அங்கே பொறுப்பில் இருப்பவர்களிடம் கேட்டு அனுமதி வாங்குங்கள். அல்லது பக்கத்தில் உள்ள தனியார் விடுதி வளாகத்தில் இடத்துக்கு மட்டும் பணம் கொடுத்து நிறுத்துங்கள். இரண்டாவதுதான் எனக்குப் பிடித்த வழி. மின் இணைப்பு கிடைக்கும், குளியலறை கிடைக்கும், வாசலில் காவலும் இருக்கும்.

அரியமானையும் தனுஷ்கோடியையும் சேர்த்துவிட்டால் பாதி முடிவு முடிந்தது. மிச்சம் இருப்பது காரங்காடும் தெற்குக் கரையும்.

காரங்காடு தொண்டிக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே போக வேண்டிய மீனவர் கிராமம். அலையாத்திக் காடு. வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து படகு விடுகிறார்கள். காட்டின் நடுவே ஓடும் கால்வாய் வழியாகக் கடலுக்குப் போய்த் திரும்பலாம். கொஞ்சம் பெரிய பிள்ளைகளென்றால் துடுப்புப் படகு. ஊர்ப் பெண்கள் சமைத்துத் தரும் மீன், நண்டு, இறால் சாப்பாட்டுக்காகவே போகிறவர்கள் உண்டு. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தேவிபட்டினம் வழியாகத் திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கம் திரும்பிப் போகிறவர்களுக்கு வழியிலேயே இருக்கிறது; மதுரைக்காரர்களுக்கு இது தனிச் சுற்று. கிராமத்துத் தெரு குறுகல். பெரிய கேரவனை முக்கிய சாலைக்கு அருகில் விசாலமான இடத்தில் விட்டுவிட்டு ஆட்டோ பிடிப்பது மேல்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பாக் விரிகுடாவின் கடற்புல் வெளிகளில் ஆவுளியா என்ற கடல்பசு மேய்கிறது என்பது உண்மை. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை அதற்கான காப்பகமாக 2022-ல் அறிவித்திருக்கிறார்கள். அதற்காக எந்தப் படகுக்காரராவது "வாங்க, கடல்பசு காட்டுறேன்" என்றால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். கடலிலேயே வாழ்நாளைக் கழித்தவர்களும் எப்போதாவதுதான் பார்க்கிறார்கள்.

தெற்குக் கரையை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அங்கே பயணிகளுக்கான வசதி குறைவு, காரணம் அதுதான். திருப்புல்லாணி, சேதுக்கரை, கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் என்று சாயல்குடி வரை நீளும் வழி. வாலிநோக்கத்தில் வளைந்த கடற்கரை, மீன்பிடி கிராமம், அரசு உப்பு நிறுவனத்தின் உப்பளங்கள். உப்பளப் பாத்திகளில் குளிர்கால உள்ளான் பறவைகள் மேய்வதைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். ராமநாதபுரம் மாவட்டத்தின் பறவைக் கண்மாய்களில் பெரும்பாலானவற்றுக்கும் இந்தப் பக்கத்திலிருந்து போவதுதான் சுலபம். ராமநாதபுரம் ஊரை ஒட்டியே சக்கரக்கோட்டை. முதுகுளத்தூர்ப் பக்கம் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம். சாயல்குடிக்கு அருகே மேலச்செல்வனூர், கீழச்செல்வனூர். சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022-லேயே, உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தவை. சக்கரக்கோட்டையும் நயினார்கோயில் பக்கத்துத் தேர்த்தங்கலும் 2025-ல் சேர்ந்தன. இவை எல்லாமே மழையை நம்பிய கண்மாய்கள். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்தால் கருவேல மரங்கள் தண்ணீரில் நிற்கும், சங்குவளை நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன் எல்லாம் கூடு கட்டும். மழை பொய்த்த வருடம் போனால் வெடித்த களிமண்தான். கிளம்புவதற்கு முன்பு "கம்மாயில தண்ணி கெடக்கா?" என்று அந்தப் பக்கம் தெரிந்தவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

மன்னார் வளைகுடாவின் தீவுகளைப் பற்றியும் கேட்பார்கள். ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் கடல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். 1989-ல் உயிர்க்கோளக் காப்பகம். விருப்பம்போல இறங்க முடியாது. பாம்பன் குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறை படகு உண்டு. காற்றைப் பார்த்துத்தான் விடுவார்கள். கச்சான் மாதங்களில் அதை எதிர்பார்த்துத் திட்டம் போட வேண்டாம். பவளத் துண்டு, கடல் அட்டை, கடல் குதிரை எதையும் குழந்தைகள் பொறுக்கி வர விடாதீர்கள். கரையில் செத்துக் கிடக்கும் பவளத்தை எடுத்து வருவதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம்தான். கடையில் விற்றாலும் வாங்காதீர்கள்.

இப்போது வண்டிக்கு வருவோம். கேரவன் என்றால் நம்மில் பலருக்குப் படப்பிடிப்பில் நிற்கும் பஸ்தான் நினைவுக்கு வரும். குடும்பத்துக்கு வாடகைக்கு வருபவை பெரும்பாலும் டெம்போ டிராவலர் அளவு வேனை மாற்றிக் கட்டியவை. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால் சாதாரண இலகுரக வாகன உரிமம் போதும். நான்கு பேர் நிம்மதியாகப் படுக்கலாம். ஐந்தாவது ஆள் குழந்தையாக இருக்க வேண்டும். வெளி மின்சாரமோ ஜெனரேட்டரோ இல்லாமல் பேட்டரியிலேயே ஏசி விடிய விடிய ஓடும் என்று வாடகைக்காரர் சொன்னால், அதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தை, மாசியில் கடல் காற்றே போதும், கொசுவலை அடித்த ஜன்னல் இருந்தால் சரி. சித்திரையில் ஏசி இல்லாமல் அந்தத் தகரப் பெட்டிக்குள் பெரியவர்களைப் படுக்க வைக்கக் கூடாது.

தண்ணீர்தான் இந்த மாவட்டத்தில் கேரவனின் பலவீனம். நிலத்தடி நீர் பல ஊர்களில் உப்பு. குடிநீர் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வருகிறது, அதுவும் ஊர்க்காரர்களுக்கே அளந்துதான். நூறு லிட்டர் தொட்டி, கடலில் குளித்து வந்த நான்கு பேர் உப்பு போகக் குளித்தால் ஒரே நாளில் காலி. ராமநாதபுரத்திலேயே நிரப்பிக்கொண்டு கடற்கரைக்கு இறங்குங்கள். கிராமத்துக் குழாயில் வரிசையில் நிற்கும் குடங்களுக்கு முன்னால் குழாயைச் செருகாதீர்கள்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், ஐந்து பேருக்கு மேல் இருக்கும் குடும்பத்துக்குக் கேரவனை நான் சொல்ல மாட்டேன். டிரைவரோடு ஒரு டிராவலர், பின்னால் கேஸ் அடுப்பும் பாத்திரமும், ராத்திரிக்கு ராமேஸ்வரத்திலோ அரியமான் பக்கத்திலோ இரண்டு அறை. கார்த்திகை, மார்கழியில் ராமேஸ்வரம் சாலையோரம் வேனை நிறுத்திப் புளியோதரை கிளறும் ஐயப்ப பக்தர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நம் ஆட்கள் இதைத் தலைமுறையாகச் செய்கிறார்கள். முழங்கால் வலியுள்ள மாமியாருக்குக் கேரவனின் மடிப்புப் படுக்கையில் ஏறி இறங்குவதும், அந்தக் குட்டிக் கழிப்பறையும் பெரிய தண்டனை. கேரவன் பொருந்துவது கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், வேண்டுமானால் உடம்பு தெம்பாக இருக்கும் ஒரு தாத்தா. அந்த அளவில் அது உண்மையிலேயே நல்ல தேர்வு. விடிவதற்கு முன்பு குழந்தைகளைத் தூக்கத்திலேயே வண்டியோடு தனுஷ்கோடிப் பக்கம் கொண்டுபோய்விடலாம், சாலை திறந்ததும் உள்ளே போகலாம். அறையில் தங்கியவர்களால் அது முடியாது. பிள்ளைகளை எழுப்பிக் கிளப்புவதற்குள் வெயில் ஏறிவிடும்.

மாதக் கணக்கு பள்ளி விடுமுறையோடு மோதுகிறது என்பதுதான் குடும்பங்களுக்கு உண்மையான சிக்கல். பூநாரை, கண்மாய்ப் பறவைகள், ஆமை, அடங்கிய கடல் எல்லாம் ஒரே சமயத்தில் கிடைப்பது மாசி மாதம். அப்போது பள்ளிக்கூடம் இருக்கிறது. இரண்டு நாள் விடுப்பு எடுத்து வார இறுதியோடு சேர்த்துப் போவது என் முதல் சிபாரிசு: அரியமானில் தங்கல், தனுஷ்கோடியில் ஒரு காலை, சக்கரக்கோட்டையில் ஒரு மாலை. அரையாண்டு விடுமுறையில் போனால் புயல் பயம் போகவில்லை, வடக்குக் கடலும் கலங்கல். அந்தப் பயணத்தை விட்டுவிடுங்கள். பொங்கல் விடுமுறையென்றால் தெற்குக் கரையைப் பிடித்து, ஏர்வாடி, கீழக்கரைப் பக்கம் தங்கிக் கண்மாய்களைச் சுற்றுங்கள். கீழக்கரைத் தொதல் என்ற இனிப்பை விட்டுவிடாதீர்கள். ஆனால் தை அமாவாசையை ஒட்டிச் சேதுக்கரை, தேவிபட்டினம், ராமேஸ்வரம் மூன்றிலும் தர்ப்பணம் கொடுக்க ஊரே திரளும். அந்த நாளில் பெரிய வண்டியோடு உள்ளே போனால் மாட்டிக்கொள்வீர்கள். மே மாதத்தில் அரியமான் மட்டும்தான். பறவை இல்லை, வெயில் கொளுத்தும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை இருப்பதால் மீனும் விலை ஏறியிருக்கும். நுங்கு கிடைக்கும், கடல் அமைதியாக இருக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு அதுவே போதும் என்றால் போகலாம்.

ஆமைக்காக வருகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. தை முதல் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும். வனத்துறையினர் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்து, ஏறத்தாழ 50 நாளில் வரும் குஞ்சுகளைக் கடலில் விடுவார்கள். குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கி ஊரும். அதனால் கடற்கரையை ஒட்டி நிறுத்தினால் ராத்திரி வெளி விளக்கை அணைத்துவிடுங்கள். மணலில் வண்டியை இறக்கவே வேண்டாம். முட்டை நசுங்கும். நான்கு டன் வேன் புதைந்தால் டிராக்டர் வந்துதான் இழுக்க வேண்டும். சாலையை விட்டு ஓரம் கட்டும்போதும் சீமைக்கருவேல முள்ளைப் பாருங்கள். அது டயருக்குள் மெதுவாக இறங்கும், பஞ்சர் தெரிவது மறுநாள் காலையில். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று கிளம்பும்போதே தட்டிப் பாருங்கள்.

எங்கே நிறுத்தினாலும் அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். இது கடத்தல் கண்காணிப்பு உள்ள கடற்கரை. இருட்டில் திரை போட்டு நிற்கும் வெளியூர் வேனைக் கடலோரப் போலீஸ் தட்டிக் கேட்கத்தான் செய்யும். "ஊர்த் தலைவர்ட்ட சொல்லிருக்கோம்ணே" என்று ஒரு வாக்கியம் இருந்தால் பேச்சு அதோடு முடிந்துவிடும். அடையாள அட்டையும் வண்டிக் காகிதங்களும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். கழிப்பறைத் தொட்டியைக் கண்மாய்க்கரையிலோ கடலிலோ கொட்டாதீர்கள். விடுதி வளாகத்தில் தங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கடைசி நாள் காரங்காடு வழியாகத் திரும்புவதாக இருந்தால், படகுக்கும் சாப்பாட்டுக்கும் முதல் நாளே சொல்லி வையுங்கள். நண்டு வேண்டுமென்றால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.